மழைமானிக்குக் காசு கொடுக்கலாம், காற்றாடிக்கு வேண்டாம்

ஆறு, ஏழாம் வகுப்பு அறிவியலுக்கென்று 'வானிலையும் நீர்ச்சுழற்சியும்' பெட்டி ஒன்று ஆன்லைனிலும் லேப் சாமான் கடைகளிலும் விற்கிறது. மேலட்டையில் பெயர் மாறும், நிறம் மாறும். உள்ளே இருக்கும் அச்சு ஒன்றுதான். அதனால் எந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. பார்த்த பெட்டியின் விலை 1,350 ரூபாய். மூடி போட்ட, கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, 30 செ.மீ. நீளம், 20 அகலம், 15 உயரம். அதற்குள் வைக்க ஒரு பச்சை மலை, அடிவாரத்தில் 'கடல்' என்று ஒரு குழி. கூடவே மூன்று துண்டாகச் செருகும் 40 செ.மீ. கம்பம். அதில் மாட்டுவதற்குக் காற்றுத் திசைகாட்டி, காற்றின் வேகம் பார்க்க நான்கு கிண்ணம் வைத்த காற்றாடி, குட்டி மழைமானி, சிவப்புத் திரவ வெப்பமானி. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு காந்த ஊசி. ஆங்கிலத்தில் மட்டும் ஒரு விளக்கத் தாள்.

தொட்டியும் மழைமானியும் காசுக்குத் தகும், இரண்டையும் கொஞ்சம் திருத்தினால். வெப்பமானி பரவாயில்லை. மற்றதெல்லாம் பெட்டியை நிரப்ப வந்தவை.

தொட்டிக்கு விளக்கத் தாள் சொல்வது மூன்றே வரி: கடலில் வெந்நீர் ஊற்று, மூடிக் குழியில் ஐஸ் போடு, மழையைப் பார். அப்படியே செய்தால் ஐந்து பத்து நிமிடத்தில் நான்கு சுவரிலும் ஆவி படிந்து, உள்ளே மலை இருப்பதே தெரியாது. காரணம் மூடி. இரண்டு மி.மீ. பிளாஸ்டிக் வெப்பத்தை லேசில் கடத்தாது. மேலே ஐஸ் இருந்தாலும் அடிப்பக்கம் போதிய அளவு குளிராது. சுவரோ அறை வெப்பநிலையில், 30 டிகிரியில் நிற்கிறது. 60 டிகிரி நீரிலிருந்து வரும் ஆவிக்கு அதுவே குளிர்ச்சிதான், அங்கேயே படிந்துவிடுகிறது. தலைக்கு மேல் ஃபேன் ஓடினால் இன்னும் மோசம்.

மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, தொட்டி வாயை மூடும் அளவுக்கு ஒரு எவர்சில்வர் தட்டை வையுங்கள். தட்டின் ஒரு ஓரத்துக்கு அடியில் பென்சில் ஒன்றைக் கொடுத்து, மலைப்பக்கம் தாழ்வாகச் சாய்க்க வேண்டும். பென்சில் உண்டாக்கும் இடைவெளியை ஈரத்துணியால் அடைத்துவிடலாம். தட்டில் கால் கிலோ ஐஸ், மேலே ஒரு கை கல்லுப்பு. உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். ஃபேனை நிறுத்திவிட்டு, சுவர்களின் உட்புறத்தில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை மெல்லத் தடவித் துடைத்துவிடுங்கள். ஆவி படிந்தாலும் துளித்துளியாக நிற்காமல் தகடாகப் பரவும், உள்ளே பார்க்க முடியும். இப்போது தட்டின் அடியில் முதலில் மங்கல், பிறகு குண்டூசித் தலை அளவில் துளிகள், அவை பக்கத்துத் துளியோடு சேர்ந்து பருத்து, சரிவில் வழிந்து, தாழ்ந்த ஓரத்திலிருந்து மலை உச்சியில் சொட்டும். பெட்டிக்குக் கொடுத்த காசு அந்தச் சொட்டுக்குத்தான்.

வெந்நீர் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இந்த ரகப் பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும், மூலையில் மயிரிழை விரிசல் விடும். கொதிநீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி, மொத்தம் 400 மி.லி. கலந்தால் 60 டிகிரியை ஒட்டி வரும், அது போதும். அதைச் சரிபார்க்கப் பெட்டியில் உள்ள வெப்பமானியை முக்கிவிடாதீர்கள். அதன் அளவுகோல் 50 டிகிரியோடு முடிகிறது. உள்ளே திரவம் விரிய இடமில்லாமல் குமிழ் வெடிக்கும். தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வெந்நீர்ச் சோதனையோடு நிறுத்தினால் வேறொரு தவறு பிள்ளைகள் மனதில் உட்கார்ந்துவிடும்: கடல் சூடானால்தான் ஆவியாகும் என்று. கொடியில் காயும் துணி எந்த அடுப்பில் இருக்கிறது? ஆகவே மறுநாள் அதே தொட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றி, கடல் குழிக்கு அடியில் கறுப்புத் தாள் வைத்து, காலை 10 மணிக்கு வெயிலில் வைக்க வேண்டும். ஐஸ் அங்கே நிற்காது. தட்டின் மேல் ஈரத்துணி போட்டு அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் போதும். துணியிலிருந்து ஆவியாகும் நீர் தட்டின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, மண்பானை செய்யும் அதே வேலை. மதியம் மூன்று மணிக்குள் மலையடியில் வைத்த குப்பி மூடியில் அரை டீஸ்பூன் சேர்ந்தாலே நல்ல விளைச்சல். விளக்கத் தாள் இந்த இடத்தில் 'மேஜை விளக்கைப் பயன்படுத்தவும்' என்கிறது. பழைய குண்டு பல்பு காலத்து அறிவுரை. இன்று எல்லார் வீட்டிலும் இருக்கும் எல்.இ.டி. விளக்குக்கு அவ்வளவு சூடு கிடையாது.

சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இந்தச் சோதனைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 32 டிகிரி வெப்பம், 75 விழுக்காடு ஈரப்பதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 27 டிகிரி. ஐஸ் வைத்த எந்தத் தட்டும் சும்மா காற்றிலேயே நனைந்துவிடும். சோடா பாட்டிலை வெளியே எடுத்தால் வேர்க்கிறதே, அதுதான். "இந்தத் தண்ணீர் கடல் குழியிலிருந்து வந்ததா, அறைக் காற்றிலிருந்து வந்ததா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் பெட்டியிடம் பதில் இல்லை. பதிலை நாம்தான் உண்டாக்க வேண்டும். முதலில் கடலில் தண்ணீரே ஊற்றாமல், வெறும் தொட்டியில் ஐஸ் தட்டை வைத்து இருபது நிமிடம் விடுங்கள். தொட்டிக்குள் அடைபட்டது 9 லிட்டர் காற்று; அதில் இருக்கும் நீராவி கால் கிராம்கூட வராது. தட்டின் அடியில் மெல்லிய மங்கல் தோன்றும், சொட்டாது. பிறகு தண்ணீர் ஊற்றி அதே இருபது நிமிடம். வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும். தட்டின் மேல்விளிம்பில் வெளிப்பக்கமாக வழிவது அறைக் காற்றின் ஈரம், அதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; உள்ளே இறங்கினால் கணக்கு கெடும்.

சொட்டுவது சுத்த நீர் என்று காட்ட, தாளில் நீல மை சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான், கடல் நீலம், மழை நிறமற்றது. ஆனால் அதைவிட நம் வீடுகளுக்குப் பழகிய கருவி ஒன்று இருக்கிறது: நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்ட ஆர்.ஓ. மெக்கானிக் சட்டைப்பையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர். 400 மி.லி. தண்ணீரில் ஒரு சிட்டிகை, அதாவது அரை கிராம் உப்பு போட்டால், குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே இருப்பதற்கு மேல் லிட்டருக்கு ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் கூடும். மலையில் சேர்ந்த நீரை அளந்தால் அதில் சிறு பங்குதான் இருக்கும். ஸ்பூன் கணக்கில் உப்பைக் கொட்டினால் மலிவு விலை மீட்டர்கள் அளவு தாண்டிப்போய்க் கையை விரித்துவிடும். மை கலந்த நீரை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

தொட்டியில் பெரிய குறை, நிலத்தடி நீர். மேலட்டைப் படத்தில் அம்புக்குறி போட்டு 'நிலத்தடி நீர்' என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் மலையோ வழவழ பிளாஸ்டிக். விழுந்த துளியெல்லாம் நேரே கடலுக்கு ஓடுகிறது. மலைக்கு அது பொய், மொட்டை மாடிக்கும் தார் ரோட்டுக்கும் நிஜம். மலையின் ஒரு சரிவில் மட்டும் இரண்டு செ.மீ. தடிமனுக்கு மணல் பரப்பி, அடிவாரம் கரையாமல் இருக்கப் பஞ்சால் அணை கட்டி, இரண்டு சரிவிலும் சிரிஞ்சால் 20 மி.லி. ஊற்றினால் எது உடனே கடலைச் சேர்கிறது, எது உள்ளே தங்குகிறது என்று தெரியும். ஆற்று மணல் இப்போது எங்கே கிடைக்கிறது, எம்-சாண்ட்தான். அதில் கல்தூசி நிறைய. நாலைந்து தண்ணீர் அலசாமல் போட்டால் கடல் சிமெண்ட் கரைத்த மாதிரி ஆகிவிடும்.

தாவரங்களின் நீராவிப்போக்குக்கு, அதாவது இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுவதைக் காட்ட, பெட்டியில் எதுவுமே கிடையாது. செம்பருத்திக் கிளை ஒன்றில் ஒளி ஊடுருவும் பாலிதீன் பையைக் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் விட்டால் வேலை முடிந்தது.

தாளில் உள்ள படத்தில் ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும். கடலிலிருந்து வெள்ளைப் புகை எழுவதாக வரைந்து அதற்கு 'நீராவி' என்று பெயர் போட்டிருக்கிறார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. இட்லிப் பானை மூடியைத் திறந்ததும் எழும் வெண்மை, ஏற்கெனவே சுருங்கித் துளியான நீர். குக்கர் விசில் அடிக்கும்போது துவாரத்தை ஒட்டி ஒரு சின்ன இடைவெளி வெறுமையாகத் தெரிந்து, அதற்கு மேல்தான் வெள்ளை தொடங்கும். அந்த வெறுமைதான் ஆவி. மேகமும் துளிதான், ஆவி இல்லை. இதைப் படத்தில் பேனாவால் திருத்திவிட்டு வகுப்பில் ஒட்டுங்கள். மேகம் எப்படி உண்டாகிறது என்று காட்ட ஒரு லிட்டர் பெட் பாட்டில் போதும்: ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான நீர், அணைத்த ஊதுபத்தியின் புகை கொஞ்சம், மூடியை இறுக்கி நன்றாகப் பிசைந்து சட்டென்று விடுங்கள். அழுத்தம் குறைந்து காற்று குளிர, உள்ளே மேகம் கட்டும். புகையில்லாமல் செய்தால் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. துளி உட்கார ஒரு தூசு வேண்டும்.

இனி கம்பம். மழைமானியைக் காற்றாடிக்குக் கீழே, அதே கம்பத்தில் மாட்டச் சொல்கிறது தாள். கிண்ணத்தில் பட்ட மழை மானியில் தெறிக்கும், நேராக விழ வேண்டிய மழையைக் கிண்ணம் மறைக்கும். கழற்றித் தனியாக வையுங்கள். வாய் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், வானிலைத் துறையின் மழைமானிகள் மாதிரி. சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். வேப்ப மரத்தடி பார்க்க அழகு, அளவு பொய். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரோரம் வைப்பதும் அப்படியே.

அடுத்து அளவுகோல் சரியா என்று பார்க்க வேண்டும். இந்த மானியின் உள்வாய் விட்டம் 5 செ.மீ. பரப்பு 19.6 சதுர செ.மீ. அப்படியானால் 1 மி.மீ. மழைக்கு ஏறத்தாழ 2 மி.லி. தண்ணீர். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய 10 மி.லி. சிரிஞ்சால் இரண்டு முறை, மொத்தம் 20 மி.லி. விட்டால் 10 மி.மீ. கோட்டில் நிற்க வேண்டும். பார்த்த பெட்டியில் 12ஐத் தொட்டது. ஸ்டிக்கரைப் பாத்திரத்தின் வெளி அடியிலிருந்து ஒட்டியிருக்கிறார்கள். உள் அடி இரண்டு மி.மீ. மேலே இருக்கிறது. ஆகவே 1 மி.மீ. தூறல் 3 என்று காட்டும். ஸ்டிக்கரை உரித்து இரண்டு மி.மீ. ஏற்றி ஒட்டலாம், அல்லது எப்போதும் இரண்டைக் கழித்து எழுதலாம். இந்தப் பிழையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விடுவது நல்லது. ஒரு பீரியட் அதிலேயே போகும், போகட்டும். நீர்மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்து, நடுவில் பள்ளமாகத் தெரியும் இடத்தைப் படிக்க வேண்டும். ஓரத்தில் ஏறி நிற்பதை அல்ல.

மானியின் கொள்ளளவு 35 மி.மீ. எங்கோ தூறல் ஊரை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். நம் ஊரில் 64.5 மி.மீ. தாண்டினால்தான் வானிலைத் துறை 'கனமழை' என்கிறது, 204.5 மி.மீ. தொட்டால் 'அதிகனமழை'. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 செ.மீ. இந்த மானி அன்று அங்கே இருந்திருந்தால் 27 முறை நிரம்பி வழிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகைக்கு வேறு ஒன்று செய்துகொள்வதே வழி: வாய் உள்விட்டம் 10 செ.மீ. உள்ள மண்ணெண்ணெய்ப் புனல், இரண்டு லிட்டர் பாட்டில். புனலின் பரப்பு 78.5 சதுர செ.மீ., 1 மி.மீ. மழைக்கு 7.85 மி.லி. பாட்டிலில் சேர்ந்ததை அளவுக் குடுவையில் ஊற்றி 7.85 ஆல் வகுத்தால் மழை அளவு வரும். 250 மி.மீ. வரை தாங்கும். பாட்டிலை மண்ணில் பாதி புதைத்து வைக்காவிட்டால் காற்றில் சாய்ந்துவிடும்.

நேரம் காலை 8:30. வானிலைத் துறையின் 24 மணி நேர மழைக் கணக்கு அப்போதுதான் முடிகிறது. செய்தியில் வரும் அளவோடு ஒப்பிட வேண்டுமென்றால் அதே நேரத்தில் படிக்க வேண்டும். பிரேயர் பெல்லுக்கு முன்னால் முடிந்துவிடும் வேலை. 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது மழைநாள் கணக்கில் சேரும். ஞாயிறன்று படிக்க ஆள் இல்லை என்றால் திங்கள் அளவை இரண்டு நாளுக்கான மொத்தம் என்று எழுதுங்கள், பாதியாகப் பிரிக்காதீர்கள். சனிக்கிழமையே சில சொட்டு எண்ணெய் விட்டால் மேலே படலம் கட்டி ஆவியாவதைத் தடுக்கும். தேங்காய் எண்ணெய் ஊட்டியில் உறைந்துவிடும், அங்கே கடலை எண்ணெய்.

மழைமானிக்கு இவ்வளவு இடம் ஒதுக்கக் காரணம், பெட்டியில் மற்ற எதைவிடவும் அதை வைத்துப் பிள்ளைகள் கணக்குப் போட முடியும் என்பதுதான். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மி.மீ. பெய்தால் 1,000 லிட்டர், ஒரு சின்டெக்ஸ் தொட்டி நிறையும். 2003 இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது ஏன் என்று பள்ளியின் சொந்த மாடியை அளந்தே சொல்லிவிடலாம். சென்னைக்கு 1813 முதல் மழைக் கணக்கு தொடர்ச்சியாக இருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். யாரோ தினமும் போய்ப் படித்து எழுதியதுதான் அது.

வெப்பமானியைக் கம்பத்தில் விட்டால் வெயிலின் சூட்டைத்தான் காட்டும், காற்றின் சூட்டை அல்ல. வானிலை நிலையங்களில் அது வெள்ளையடித்த சட்டமடித்த பெட்டிக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், கதவு வடக்குப் பார்த்து இருக்கும். பள்ளிக்கு ஒரு மலிவு வழி: பூச்செடித் தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைத் தட்டு ஆறு, 15 செ.மீ. அகலத்தில். (இணையத்தில் சொல்லும் யூஸ்-அண்ட்-த்ரோ பிளாஸ்டிக் தட்டு இங்கே 2019 ஜனவரி முதல் தடை.) மேல் இரண்டை முழுதாக விட்டு, மற்ற நான்கிலும் நடுவில் ஓட்டை போட்டு, கவிழ்த்த நிலையில், மூன்று நீளத் திருகுக்கம்பிகளில் நட் வைத்து இரண்டு செ.மீ. இடைவெளியில் அடுக்குங்கள். வெப்பமானி நடுவில் தொங்கும். காற்று நுழையும், வெயில் நுழையாது. மாட்டும் முன் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் ஐந்து நிமிடம் நிறுத்தி, பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

ஈரப்பதமானி பெட்டியில் இல்லை. பெரிய குறை இது, ஏனென்றால் நம் கோடையின் பாதிக் கஷ்டம் வேர்வையில்தான். இன்னொரு வெப்பமானி வாங்கி, குமிழில் ஈரத் திரியைச் சுற்றி, திரியின் மறுநுனியைச் சிறு குப்பி நீரில் விட்டால் வேலை முடியும். உலர் குமிழ் 32, ஈரக் குமிழ் 28 என்றால் ஈரப்பதம் 74 விழுக்காடு, கடலோரப் புழுக்கம். 36, 24 என்றால் வெறும் 36 விழுக்காடு; உள்மாவட்ட உலர் வெயில். இரண்டாவது நாளில்தான் கொடியில் துணி சீக்கிரம் காயும்.

காற்றுத் திசைகாட்டி சுமார். அச்சில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டால் சுற்றும். அம்பு காட்டுவது காற்று வரும் திசை, போகும் திசை அல்ல என்பதை வாடை, தென்றல், கொண்டல் என்ற பெயர்களைக் கொண்டே சொல்லிவிடலாம். வடக்கிலிருந்து வருவதுதான் வாடை. காந்த ஊசியைக் கம்பத்தின் இரும்புத் திருகுக்கு அருகில் வைத்து வடக்கு பார்த்தால் தவறும், பத்தடி தள்ளி வைத்துப் பாருங்கள்.

காற்றாடி வேண்டாம். அதில் எண் இல்லை. சுற்றுகளை எண்ணி வேகம் கண்டுபிடி என்கிறார்கள். கிண்ணம் 5 செ.மீ. ஆரத்தில் நிமிடத்துக்கு 60 சுற்றினால் கிண்ணத்தின் வேகம் நொடிக்கு 31 செ.மீ., காற்றின் வேகம் அதைப் போல் மூன்று மடங்கு என்று தாள் பெருக்கச் சொல்கிறது. 1846 இல் கிண்ணக் காற்றுவேகமானியை உருவாக்கிய ராபின்சனும் மூன்று என்றே நம்பினார். கிண்ணத்தின் அளவையும் கையின் நீளத்தையும் பொறுத்து அது மாறும் என்பது பிறகு தெரிந்தது. இந்தக் காற்றாடியோ இளங்காற்றில் அசைவதே இல்லை. வேப்பிலை மட்டும் அசைந்தால் இது, சிறு கிளை ஆடினால் இது, குடை பிடிக்க முடியாவிட்டால் இது என்று போஃபர்ட் அளவுகோலை ஒரு சார்ட்டில் எழுதி மாட்டினால் இதைவிட நம்பலாம்.

கடையில் வாங்குவதானால் சிரிஞ்சும் ஒரு பாட்டில் தண்ணீரும் கையோடு கொண்டுபோய், 20 மி.லி. சோதனையை அங்கேயே செய்துவிடுங்கள். தொட்டியின் நான்கு மூலையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து விரிசல் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஒழுகினால் ஒட்டுவது வீண், வெந்நீர் சூட்டில் பசை விட்டுவிடும். கம்பத்தையும் காற்றாடியையும் வாசிப்பு முடிந்ததும் உள்ளே எடுத்து வைக்காவிட்டால் ஒரு கத்திரி வெயிலுக்குப் பிறகு அப்பளம் மாதிரி நொறுங்கும். உதிரி பாகம் எங்கும் விற்பதில்லை.